கேணல் சேர் கையெழுத்து வைக்காத நாள்

புதிதாகக் களத்துக்கு வந்திருக்கும் தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பதினெட்டு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்து, போன வருடம்தான் கவச உடையைத் திருப்பிக் கொடுத்தேன். மண்ணை எப்படி வாருவது, வெயிலில் எவ்வளவு நேரம் முழங்காலில் இருக்கலாம் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எத்தனை எடுத்தீர்கள் அக்கா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடுத்தவற்றைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மண்ணுக்குள் விட்டுவிட்டு, நிலம் சுத்தம் என்று சொல்ல இருந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். அதை எழுதினால் எங்கள் கேணல் சேரைப் பற்றியும் எழுத வேண்டி வரும். அவர் பெயரைப் போடவில்லை. பேப்பரில் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது.

திருகோணமலைப் பட்டினத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த வீடு. இளம் வயதிலேயே இராணுவத்தில் பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, கேணலாக ஓய்வு பெற்றார். வீரத்துக்கென்று இரண்டு பதக்கங்கள் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் நாங்கள் வேலை செய்த நிறுவனத்துக்குக் களப் பொறுப்பாளராக வந்தார். மனைவி காலமாகி நாலு வருடம். ஒரே மகள் ஹஸீனாவுக்கு அப்போது ஒன்பது வயது.

நான் கிளிவெட்டி என்ற தமிழ் ஊரின் பிள்ளை. எங்கள் ஊரில் போர்க்காலம் முழுக்க இராணுவச் சீருடையைக் கண்டால் கதவைச் சாத்திப் பழகியவர்கள் நாங்கள். என் தம்பி மாடு சாய்க்கப் போன இடத்தில் மிதிவெடியில் ஒரு காலை விட்டவன். நான் இந்த வேலைக்கு விண்ணப்பித்ததே அவனால்தான். ஆனால் எங்களுக்கு மேலே இருக்கப் போவது ஓய்வு பெற்ற கேணல் ஒருவர் என்று தெரிந்ததும் அம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டா.

"உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?" என்று கேட்டா.

"கிடைக்கேல்லை அம்மா" என்றேன். அது உண்மைதான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் தனியாக நின்ற காலம் அது.

நேர்முகத் தேர்வுக்கு நிறையப் பெண்கள் போயிருந்தோம். என் முறை வந்து கதிரையில் இருந்ததும் அவருடைய போன் அடித்தது. அவர் எழுந்து யன்னலுக்குப் போனார்.

"மகள், அலுமாரிட கீழ்த் தட்டுல பாருங்க. இடப் பக்கம். வெள்ளை மேசு ரெண்டும் ஒண்டாச் சுருட்டி வெச்சிரிக்கன். இல்லையா? அப்ப கொடியில பாருங்க. வாப்பா லைன்லயே இரிக்கன்."

காலுறை கிடைக்கும் வரை நின்றார். நானும் காத்திருந்தேன். அம்மாவிடம் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்று மட்டும் நினைத்தேன்.

வேலை தொடங்கி இரண்டாம் மாதம் ஒரு நாள் காலைத் தேத்தண்ணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்துப் போனேன். எல்லைக்குக் கட்டும் கயிற்றில் மூன்று துண்டை வெட்டி மேசைக் காலில் கட்டி வைத்திருந்தார்.

"புள்ள, இரட்டைப் பின்னல் போடுறது எப்பிடி எண்டு காட்டித் தாங்க. நான் போட்டா பத்து மணிக்குள்ள அவிழ்ந்திருதாம். மகள் அழுறா."

நான் காட்டினேன். வெடிமருந்தை அளந்து பழகிய விரல்கள், மூன்று கயிற்றுக்குள் மாட்டிக்கொண்டு தவித்தன. ஒரு கிழமை முழுக்கத் தேத்தண்ணி நேரத்தில் பழகினார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"முக்காட்டுக்குள்ளதானே சேர் இருக்கப் போகுது, ஆருக்குத் தெரியும்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அவளுக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவருடைய வேலை முறையும் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. நாலு மணிக்குப் பிறகு அவசரம் இல்லாமல் அவரை யாரும் தேடக் கூடாது. மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரம் அது. ஆனால் காலை ஆறரைக்கு எங்கள் லொறி களத்துக்கு வரும்போது அவர் முன்பே வந்து நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் வருடம் என்னைக் குழுத் தலைவி ஆக்கினார்கள். மூதூருக்குத் தெற்கே ஒரு வயல்வெளி எங்கள் குழுவுக்குத் தரப்பட்டது. பன்னிரண்டு வருடம் யாரும் கால் வைக்காத காணி. பெரும்போகத்துக்கு விதைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒப்படைக்கும் நாளும் குறித்தாகிவிட்டது. கொழும்பிலிருந்து பணிப்பாளரும், பணம் தரும் நாட்டிலிருந்து ஆட்களும் வருவதாக ஏற்பாடு. அந்த நாள் சரியாக நடந்தால்தான் அடுத்த வருடத்துக்கு எங்கள் முப்பது பேருக்கும் வேலை நீடிக்கும் என்று கதை அடிபட்டது.

ஒப்படைப்புக்கு இரண்டு நாள் முன்பு பின்னேரம் மழை இறங்கியது. வயலின் கடைசித் துண்டு, வாய்க்கால் வரம்போரம், விமலாவின் கையில் இருந்தது. விமலா ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. நல்ல கை. ஆனால் அன்று அவளுக்குக் காய்ச்சல்.

"முடிச்சிட்டன் அக்கா" என்று சொல்லிக்கொண்டு நனைந்தபடி வந்தாள்.

உங்களுக்குத் தெரியும், ஒருத்தி முடித்த துண்டைக் குழுத் தலைவி தானும் பார்த்த பிறகுதான் சிவப்புக் கட்டையைப் பிடுங்கி, சுத்தம் என்று வெள்ளைக் கட்டை நட வேண்டும். மண் சேறாகிவிட்டது. லொறிக்காரர் ஹோன் அடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லோரும் குளிரில் நடுங்கினார்கள். நான் பார்க்கவில்லை. வெள்ளைக் கட்டையை நட்டுவிட்டு லொறியில் ஏறினேன்.

அடுத்த நாள் காலை கேணல் சேர் ஒப்படைப்புப் படிவத்தோடு வந்தார். வயல் முழுக்க என்னோடு நடந்தார். எங்கே எத்தனை எடுத்தோம் என்று கேட்டார். பிறகு ஜீப்பின் முன் தட்டில் படிவத்தை வைத்து, பேனையைத் திறந்துகொண்டு, எல்லாக் குழுத் தலைவிகளிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"உங்கட புள்ளைகளை நாளைக்கு இதுல ஓடி விளையாட விடுவீங்களா?"

"ஓம் சேர், விடுவன்" என்றேன்.

தங்கச்சிமாரே, அந்த ஓம் என் வாயில் எப்படி வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நாளைக்கு வரப்போகும் ஆட்கள், முப்பது பேரின் வேலை, விதைக்கக் காத்திருக்கிற சனம், எல்லாம் சேர்ந்து என் வாயால் சொன்னது அது. அவர் பேனையைத் தாளில் வைத்தார். அவருடைய பெயரின் முதல் எழுத்து விழுந்ததைப் பார்த்தேன். என் தம்பி காலை விட்ட இடமும் சுத்தம் என்று யாரோ சொன்ன இடம்தான்.

"சேர், கொஞ்சம் நில்லுங்கோ."

அவர் பேனையை எடுத்தார். மூடினார். சட்டைப் பையில் போட்டார்.

"எந்த இடம்?"

"வாய்க்கால் வரம்பு. கடைசித் துண்டு."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை சேர். மழை. விமலா முடிச்சிட்டன் எண்டவள். நான் பாக்காமல் கட்டை நட்டனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்துப் பணிப்பாளருக்கு அழைத்தார். நான் விலகிப் போகப் பார்த்தேன், நிற்கும்படி கைகாட்டினார்.

"நாளைக்கு ஒப்படைக்க ஏலாது... இல்ல, மழையால மட்டும் இல்ல. ஒரு துண்டுல எனக்குத் திருப்தி இல்ல... ஆக்கள் வாறது தெரியும். அவங்களுக்கு நான் சொல்றன்... ஓம், என்ட முடிவுதான். என்ட பேரைப் போட்டு எழுதுங்க."

மறுபக்கத்தில் பணிப்பாளர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. கேணல் சேர் அதே குரலில் இரண்டு தடவை "என்ட முடிவு" என்றார். அந்த அழைப்பில் என் பெயரும் விமலாவின் பெயரும் கடைசிவரை வரவில்லை.

அடுத்து வந்தது அதைவிடக் கஷ்டம். காணிக்காரர்கள் உழவு மெசினோடு ரோட்டில் வந்து நின்றார்கள். கமக்காரர் சங்கத் தலைவர் முன்னுக்கு வந்தார்.

"சேர், மழை துவங்கிட்டுது. இப்ப விதைக்காட்டி இந்தப் போகமும் போச்சு. பன்னிரண்டு வருசம் பொறுத்தனாங்கள். இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு கிழமை, அண்ணன்."

"போன மாதமும் ஒரு கிழமை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"சொன்னன். பிழைதான். இந்த முறை சொல்ற கிழமை ஏழு நாள். எட்டாம் நாள் நீங்க மெசினை இறக்கலாம். முன்னுக்கு நான் நடப்பன்."

தலைவர் மெசினைத் திருப்பச் சொன்னார். போகும்போது காறித் துப்பினார். கேணல் சேர் அதைக் கண்டும் காணாததுபோல நின்றார்.

மண் காய இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் காலை நானே அந்தத் துண்டில் இறங்கப் போகிறேன் என்று உடையைப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் மறித்தார்.

"விமலா இறங்கட்டும்."

"சேர், அவள் பயந்துபோய் இருக்கிறாள். மூண்டு நாளாச் சாப்பிடேல்லை."

"அதுக்குத்தான் சொல்றன். இண்டைக்கு அவ இறங்காட்டி இனி எந்தக் களத்துலயும் இறங்க மாட்டா. அவசரம் இல்ல எண்டு சொல்லுங்க. ஒரு சாண் நிலத்துக்கு ஒரு நாள் எடுத்தாலும் நான் பாத்துக்கொண்டு இரிப்பன்."

விமலா இறங்கினாள். முதல் பத்து நிமிடம் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல முன்னுக்கு நகர்ந்தாள். பதினொரு மணி போல அவள் கையை உயர்த்தினாள்.

வரம்பின் சரிவில், நாணல் வேருக்குள், ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. உழவு மெசினின் சில்லு வரம்பேறித் திரும்பும் இடம். ஆட்கள் வெறுங்காலோடு விதைநெல் மூடையை இறக்கி வைக்கும் இடம்.

அதை அங்கேயே வெடிக்கவைத்தோம். சத்தம் கேட்டு ரோட்டில் நின்ற சனம் ஓடி வந்தது. சங்கத் தலைவரும் வந்தார். எங்கே என்று கேட்டார். காட்டினோம். அவர் தலைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதில நான்தானே மெசினை இறக்க இருந்தனான்" என்று மட்டும் சொன்னார்.

விமலா அழுதாள். கேணல் சேர் அவளிடம் போய், "காய்ச்சலோட களத்துக்கு வரப்படாது. வந்தாலும் சொல்லணும். இதைத் தவிர உங்கள்ட்ட எனக்குச் சொல்ல ஒண்டும் இல்ல. நல்லா எடுத்தீங்க" என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். ஆம், தந்தார். பார்க்காமல் வெள்ளைக் கட்டை நட்டதற்காக என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். கடிதத்தை நீட்டும்போது சொன்னார்:

"நில்லுங்கோ எண்டு சொன்னீங்களே, அதுக்கும் ஒரு கடிதம் தரணும். அதுக்கு எங்களுக்கிட்ட படிவம் இல்ல."

அன்று மத்தியானம் மரத்தடியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். மூன்று வருடமாக மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"சேர், நீங்கள் இந்த மிதிவெடியளை மண்ணுக்குள்ள வைச்சிருக்கிறியளா?"

எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம். வெச்சிரிக்கன். வெச்ச ஒவ்வொண்டுக்கும் வரைபடம் கீறி வெச்ச ஆள் நான். எல்லாரும் அப்பிடி இல்ல." பிறகு கேட்டார். "எனக்கு முதல் பதக்கம் எதுக்குக் கிடைச்சது எண்டு தெரியுமா?"

"காயப்பட்ட மூண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்ததுக்கு எண்டு சொல்லுவினம்."

"ஓம். வெடிகளுக்குள்ளால ஊர்ந்து போய், ஒவ்வொருத்தராத் தூக்கி வந்தன். அந்த மூணு பேரும் மிதிச்சது எங்கட ஆக்கள் வெச்சதையே. எங்களுக்கு முந்தி இருந்த ஒருத்தர், சுத்தம் எண்டு கையெழுத்து வெச்சிட்டுப் போன இடம். பாக்காமல் வெச்ச கையெழுத்து. அதுல ஒருத்தன் என்ட கையில மௌத்தாப் போனான். பத்தொம்பது வயசு. பதக்கத்தை மகளுக்குக் காட்டின நாள், இந்தக் கதையையும் சேத்துத்தான் சொன்னன். பாதி சொல்லிப் பெருமைப்பட எனக்கு ஏலாது."

என் தம்பியின் கதையை அவருக்குச் சொன்னது அன்றுதான். கேட்டுவிட்டு, "அவருக்கு இப்ப பொய்க்கால் சரியா இரிக்கா? எத்தனை வருசம் மாத்தாமல் இரிக்கார்?" என்று கேட்டார். அடுத்த மாதமே தம்பியை அழைத்துப் போய்ப் புதிய கால் பொருத்தச் செய்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.

எட்டாம் நாள் வந்தது. கொழும்பு ஆட்கள் வரவில்லை. மேடை இல்லை, பந்தல் இல்லை. காணிக்காரர்களும் நாங்களும் மட்டும். படிவத்தில் கேணல் சேர் கையெழுத்து வைத்தார். பிறகு ஜீப்பின் பின் கதவைத் திறந்தார். ஹஸீனா இறங்கினாள்.

எங்களுக்கு அவள் வருவது தெரியாது. அன்று பள்ளிக்கூட லீவு. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். அவசரம் இல்லாமல், வரம்பு வரம்பாக நடந்தார்கள். அவள் ஏதோ கேட்டுக்கொண்டே போனாள், அவர் குனிந்து பதில் சொல்லிக்கொண்டே போனார். வாய்க்கால் வரம்பு வந்ததும் என்னை அறியாமல் ஓரடி முன்னுக்கு வைத்தேன். நாங்கள் பார்த்த இடம்தான், மறுபடியும் பார்த்த இடம்தான். ஆனாலும் வைத்தேன். அந்தச் சரிவில் அவர் நின்றார். மகளின் கையை விட்டார். "ஓடுங்க" என்றது இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

அவள் ஓடினாள். வரம்பின் முடிவு வரை ஓடி, திரும்பி, மறுபடியும் அவரிடம் ஓடி வந்தாள்.

என் பக்கத்தில் நின்ற விமலா என் கையை இறுக்கிப் பிடித்தாள். முப்பது பெண்கள் முழங்காலில் இருந்து செய்த வேலையை, தன் ஒரே பிள்ளையை ஓடவிட்டு நம்புகிறேன் என்று சொன்ன மனிதர் அவர். எத்தனையோ சான்றிதழ் எனக்குப் பிறகு கிடைத்திருக்கிறது. அந்த நடைக்கு ஈடாக ஒன்றும் இல்லை. சங்கத் தலைவர் மெசினை இறக்கினார். அந்தப் போகம் வெள்ளாமை நன்றாக விளைந்தது. அறுவடைக்குப் பிறகு எங்கள் முகாமுக்கு இரண்டு மூடை நெல் வந்தது, ஒன்றில் "கேணலுக்கு" என்று எழுதியிருந்தது. எங்கள் ஒப்பந்தமும் நீடித்தது. பிந்தியதற்கான காரணத்தை முழுதாக எழுதிக் கேணல் சேர் அனுப்பிய அறிக்கையை வாசித்துவிட்டுத்தான் பணம் தருகிறவர்கள் அதை நீட்டித்தார்களாம்.

அம்மா எப்போது மாறினா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் தம்பி புதிய காலோடு கிணற்றடிக்கு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, "உங்கட கேணலுக்குச் சுகமாமோ?" என்று கேட்டா. அவ்வளவுதான்.

உங்களிடமும் படிவங்கள் வரும். மழையும் வரும், லொறிக்காரர் ஹோனும் அடிப்பார், கொழும்பிலிருந்து ஆட்களும் வருவார்கள். பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன்: வாயில் வந்த ஓமைத் திரும்ப எடுக்கலாம். தாள் ஜீப்பில் இருக்கும்வரை எடுக்கலாம். வெட்கமாக இருக்கும், கடிதமும் கிடைக்கும். எடுங்கள்.

கேணல் சேர் போன மாதம் காலமானார். செய்தி வந்ததும் எங்கள் பழைய குழுவில் பதினேழு பேர் ஒரு பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போனோம். விமலா பிள்ளைகளோடு வந்தாள். வீட்டு வாசலில் சீருடைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே பெண்கள் பக்கம் ஹஸீனா இருந்தாள். இப்போது பொறியியலாளராக வேலை செய்கிறாள். எங்களைக் கண்டதும் எழும்பி வந்து ஒவ்வொருத்தரையாகக் கட்டிப் பிடித்தாள். "வாப்பா உங்கட கதைதான் எப்பவும் சொல்வார். பதக்கக் கதையைக் கேட்டாலும் உங்கட வரம்புக் கதைக்குத்தான் வந்து நிப்பார்" என்றாள்.

அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. சேரின் ஜனாஸா வீட்டை விட்டுப் போகும்போது பார்ப்பதற்காக நாங்கள் வாசலுக்கு வந்தோம். நிற்க இடம் இல்லை. சீருடை வரிசையின் ஓரத்தில் நின்ற இளம் அதிகாரி ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிங்களம் கலந்த தமிழில் மெல்லக் கேட்டார்.

"அம்மா, நீங்க சேருக்குச் சொந்தமா?"

சீருடைக்கு முன்னால் என் வாழ்க்கையில் நான் எத்தனையோ கேள்விகளுக்குத் தலையைக் குனிந்து பதில் சொல்லியிருக்கிறேன். அன்று நிமிர்ந்து சொன்னேன்.

"இல்லை தம்பி. சேரோட வேலை செய்தனாங்கள். மிதிவெடி எடுக்கிறனாங்கள்."

அவர் எங்கள் பதினேழு பேரையும் ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். வரிசை முழுவதும் பின்னுக்கு நகர்ந்து, முன்னால் எங்களுக்கு இடம் விட்டது.